104 கிலோவில் ஓட்டப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு ஓடுவது?

வேளச்சேரிவாசி

வயது 41, உயரம் 170 செ.மீ., எடை 104 கிலோ. நாள் முழுக்க நாற்காலி வேலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பி.பி.க்கு மெட்டோப்ரோலாலும் எடுத்துக்கொள்கிறேன். இதயத்துக்கான ஈ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்ப்பது) மூன்றும் சமீபத்தில் எடுத்ததில் குறை ஒன்றும் இல்லை. "ஓடலாம், பார்த்து ஓடுங்க" என்றார் டாக்டர். பார்த்து என்றால் எப்படிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

போன் ஆப்பில் கிடைக்கும் 9 வாரத் திட்டத்தை எடுத்தேன், 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று ஆரம்பிக்குமே, அது. மூச்சு ஒருவழியாகச் சமாளிக்கிறது. ஆனால் மூன்றாம் நாளே முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்க எலும்பின் உள் ஓரம் வலிக்கிறது, இரண்டு காலிலும். தொடரலாமா? எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் ஓடு, இல்லாவிட்டால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார்கள் வீட்டில். ஷூ, இடம், நேரம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் விவரமாகச் சொன்னால் நல்லது. இன்னொன்று: மூச்சு நன்றாக வாங்கும்போதும் வாட்ச்சில் இதயத் துடிப்பு 118-ஐத் தாண்டுவதில்லை. வாட்ச் பழுதா?

நெடுந்தூரம்

வாட்ச் பழுதில்லை, மாத்திரை தன் வேலையைச் செய்கிறது. மெட்டோப்ரோலால் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். ஆகவே உச்சத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும், வாட்ச் காட்டும் கலர் கலரான துடிப்பு மண்டலங்களும் உங்களுக்குச் செல்லாது. பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். மனப்பாடமான ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேக நடையில் ஏழு சீரும் தடங்கலில்லாமல் வர வேண்டும். மெதுவோட்டத்தில் முதல் அடியின் நாலு சீர், ஒரு மூச்சு, பிறகு மீதி மூன்று சீர் என்று வந்தால் வேகம் சரி. இரண்டு சீருக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அன்றைய வேகம் அதிகம், குறையுங்கள்.

நீங்கள் எடுத்த 9 வாரத் திட்டம் 1996-இல் ஜாஷ் கிளார்க் என்பவர் வகுத்தது. திட்டத்தில் பிழை இல்லை. ஆனால் அது கால்கள் ஏற்கெனவே ஓரளவு தயாரானவர்களுக்குப் பொருந்தும். முதல் நாளே 8 முறை 1 நிமிட ஓட்டம். நிமிடத்துக்கு 160 காலடி என்று வைத்தால் 1,280 காலடி, ஒரு காலுக்கு 640. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து திரும்பி வரும் விசை உடல் எடையில் ஒன்றேகால் மடங்குக்குள் நின்றுவிடும். ஓடும்போது அது இரண்டரை மடங்கு வரை போகும். 104 கிலோவுக்கு 260 கிலோ, அதுவும் ஒற்றைக் காலில். அதை ஒரு காலுக்கு 640 தடவை, வாரத்தில் மூன்று நாள் கொடுத்தால் எலும்பு ஓரம் வலிக்காமல் என்ன செய்யும்? ஐந்தாம் வாரக் கடைசியில் நிற்காமல் 20 நிமிடம் ஓடச் சொல்கிறது அந்தத் திட்டம். அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே 4, 5 வாரத்தில் "இன்று இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே" என்று உடம்பு சொல்லும். சொல்வது மூச்சு மட்டும். கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

வலி முழுதாகப் போன பிறகு இப்படித் தொடங்குங்கள்.

முதல் 4 வாரம் ஓட்டமே வேண்டாம். வாரத்துக்கு 5 நாள் நடை. முதல் வாரம் 25 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி நாலாம் வாரம் 40 நிமிடம். சும்மா உலாவுவதல்ல, நிமிடத்துக்கு 100 காலடிக்கு மேல் விழ வேண்டும். 40 நிமிடத்தில் மூன்றரை கிலோமீட்டர் போய், மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது எங்கும் வலி இல்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வலி இருந்தால் இன்னும் இரண்டு வாரம் நடை.

அடுத்து 12 வாரம், வாரத்துக்கு 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொண்டால் ஞாயிறு பிரியாணிக்கும் இடைஞ்சல் இல்லை. ஒவ்வொரு நாளும் முதல் 8 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் நடை. நடுவில்:

5, 6-ஆம் வாரம்: அரை நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
7, 8: முக்கால் நிமிடம் ஓட்டம், ஒன்றேமுக்கால் நிமிடம் நடை, 8 முறை.
9, 10: 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, 8 முறை.
11, 12: ஒன்றரை நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, 7 முறை.
13, 14: 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 7 முறை.
15, 16: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை.

மொத்த ஓட்ட நேரம் 4 நிமிடத்தில் ஆரம்பித்து 18 நிமிடத்தில் முடிகிறது. ஆப்பின் முதல் நாள் என்பது இதில் 9-ஆம் வாரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு வாரம் தவறினால் ஒரு படி கீழே. காய்ச்சல் வந்து போயிருந்தால் ஓட்டத்துக்கு முன் ஒரு வாரம் நடை.

ஓட்டத்தின் வேகம் மணிக்கு 6 முதல் 6.5 கி.மீ. போதும், கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து நிமிடம். பக்கத்தில் வேகமாக நடக்கும் பெரியவர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். அடி குட்டையாக, கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். எட்டிப் போட்டால் ஒவ்வோர் அடியும் பிரேக், அதன் அதிர்வு நேராக முழங்காலுக்குப் போகும். அரை நிமிட ஓட்டத்தில் வலது கால் எத்தனை முறை தரையில் விழுகிறது என்று எண்ணுங்கள். 40-க்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. 34, 35 என்றால் வேகத்தைக் கூட்டாமல் அடியை மட்டும் சுருக்குங்கள். குதிகாலா முன்பாதமா என்ற சண்டைக்குள் போகவே வேண்டாம், அடி சுருங்கினால் அது தானாகச் சரியாகிவிடும்.

ஆடுசதை

பிசியோ பக்கத்திலிருந்து சில விஷயங்கள். முதலில் உங்கள் வலி. விரலை எலும்பின் உள் ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால் அது எலும்பு உறையும் தசையும் சேருமிடத்தின் எரிச்சல். ஓட்டத்தை இரண்டு, மூன்று வாரம் நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் கதை வேறு. அது நுண்முறிவாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே வரலாம், அதை நம்பி ஓடிவிடக் கூடாது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி என்கிறீர்கள், முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முட்டி தேயும் என்ற பயத்துக்கு: அளவாக ஓடுபவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களை விட அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குருத்தெலும்பு டயர் மாதிரி தேய்ந்து தீரும் பொருளல்ல. மிதமான சுமையை அது பழகிக்கொள்ளும். ஏற்கெனவே முட்டியில் வீக்கம், படி இறங்கும்போது மடங்கிப் போகிற மாதிரி உணர்வு, காலையில் அரை மணி நேரம் பிடிப்பு என்று இருப்பவருக்கு இது பொருந்தாது. அவர்கள் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எடை குறைவதில் முட்டிக்கு லாபம் நிச்சயம் உண்டு: ஒரு கிலோ குறைந்தால் நடையில் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. அதற்காக எடை குறையும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நடைக் கட்டமும் சாப்பாடும் சேர்ந்து அந்த வேலையை ஆரம்பித்துவிடும்.

நெடுந்தூரம் சொல்லாமல் விட்டது தசை வேலை. வாரத்துக்கு இரண்டு நாள், ஓடாத நாளில், 15 நிமிடம்.

முக்கியம் ஆடுசதை. சுவரில் கை வைத்து நின்று குதிகாலை உயர்த்துங்கள். மேலே போக 2 நொடி, இறங்க 3 நொடி, 12 முறை, மூன்று சுற்று. வலியில்லாமல் 15 வந்தபின் ஒற்றைக் காலில் செய்யுங்கள். ஒற்றைக் காலில் 8 கூட வரவில்லை என்றால் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். அடுத்தது சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தை ஒரு அடி முன்னே வைத்து, முன்பாதத்தைத் தூக்கி இறக்குவது, 15 முறை இரண்டு சுற்று. உங்கள் வலி இருக்கும் எலும்புக்குப் பக்கத்துத் தசை அது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல், 10 முறை மூன்று சுற்று. தொப்பென்று உட்கார்ந்தால் கணக்கில் சேராது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 முறை.

வலிக்கு ஒரு அளவுகோல். பத்துக்கு மூன்று வரை, ஓடும்போது கூடாமல், மறுநாள் காலையில் இல்லாமல் போனால் தொடரலாம். நாலுக்கு மேல் என்றாலோ, நொண்டுகிறீர்கள் என்றாலோ அன்றே நிறுத்தி நடந்து வீடு திரும்புங்கள்.

காலையில் எழுந்து முதல் நாலடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது போல் வலித்தால் அது பாதத்தின் அடிச்சவ்வு. எடை அதிகம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். நம் வீடுகளில் இதைக் கிளறிவிடுவது டைல்ஸ் தரை. சமையலறையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் நிற்பதும் கெடுதல்தான். வீட்டுக்குள் போட தனியாக ஒரு மெத்தென்ற செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், பூஜை அறை வாசலில் கழற்றிக்கொள்ளலாம். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் வைத்து 5 நிமிடம் உருட்டலாம். ஆனால் சர்க்கரையால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் ஐஸ் வைக்கக் கூடாது, சுடுவதும் குளிர்வதும் தெரியாது.

கால் பெருவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் வலித்தால் ஓட்டத்தைக் குறை சொல்லாதீர்கள், யூரிக் ஆசிட் பாருங்கள்.

வேளச்சேரிவாசி

அழுத்திப் பார்த்தேன். பரவலாகத்தான் வலிக்கிறது, ஒரு சாண் நீளத்துக்கு. ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தியதில் வலது 5, இடது 4. மானம் போயிற்று.

காலையில் வெறும் வயிற்றில் போனால் கொழுப்பு கரையும் என்கிறார்களே, கிளிமிபிரைடு எடுப்பவன் போகலாமா? வயிற்றைச் சுற்றிக் கட்டும் ஸ்வெட் பெல்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதனால் பலன் உண்டா?

கல்கண்டு

கிளிமிபிரைடு என்பதால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள் சார். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடும் இன்சுலினும் அப்படியல்ல, உடற்பயிற்சி நேரத்தில் தாழ்த்திவிடும். உங்களுக்கு இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை தாழும்போது வரும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் மெட்டோப்ரோலால் மறைத்துவிடும். மிச்சம் இருக்கும் அடையாளம் வியர்வை. ஓடும்போது வியர்ப்பது எல்லாருக்கும் நடப்பது. ஆக உங்களுக்கு எச்சரிக்கை மணி எதுவுமே அடிக்காமல் போகலாம்.

செய்ய வேண்டியது: கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிரெட் துண்டோ சாப்பிட்டு 15, 20 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று ஓட்டம் வேண்டாம். பையில் 3 டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ பொட்டலமாக இருக்கட்டும், அது சுமார் 15 கிராம். தலை லேசாவது, பார்வை மங்குவது, காரணமில்லாமல் எரிச்சல், வார்த்தை குழறுவது என்று எது வந்தாலும் நின்று வாயில் போட்டுக்கொண்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் போய் வந்த பிறகும் பாருங்கள், உங்கள் உடம்பு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்களை டாக்டரிடம் காட்டினால் மாத்திரை அளவை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக மாத்திரையை விடாதீர்கள்.

தினமும் இரவு பாதத்தை, விரலிடுக்கு உட்பட, கண்ணால் பார்த்துவிட்டுப் படுங்கள். குனிய முடியவில்லை என்றால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்த வேண்டாம்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் 'கேஸ்' என்று சொல்லி சோடா குடிக்கப் போகாதீர்கள். அது நேராக அவசரப் பிரிவு. டி.எம்.டி. நார்மல் என்பது அன்றைய நிலவரம் மட்டும்தான்.

நெடுந்தூரம்

ஸ்வெட் பெல்ட்டைப் பரணில் போடுங்கள். அது குறைப்பது தண்ணீர் எடையை, ஒரு சொம்பு நீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிந்துதான் போகிறது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதன் மேல் ரப்பரைக் கட்டினால் உடல் சூடு ஏறும். பி.பி. மாத்திரை எடுப்பவருக்கு மயக்கமும் வரலாம்.

கொழுப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவாகும், நடைக்கு அதை விடக் குறைவு. உங்கள் ஒரு நாள் பயிற்சி மொத்தம் 3 கி.மீ., ஆகவே அதிகபட்சம் 300 கலோரி. வாரத்துக்கு 900. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. அதாவது ஓட்டத்தை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய எட்டரை வாரம். வரும் வழியில் நெய்ப் பொங்கலும் இரண்டு மெதுவடையும் உள்ளே போனால் அன்றைய கணக்கு தலைகீழ். சாப்பாட்டில்தான் எடை குறையும். இரவு மூன்று தோசையை இரண்டாக்கி ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சேர்ப்பது, டீயில் சர்க்கரையை விடுவது மாதிரி சின்னச் சின்ன மாற்றங்கள் போதும். பயிற்சியின் முதல் மாதத்தில் எடை இறங்காமலோ அரைக் கிலோ ஏறியோ காட்டலாம், தசை நீரைப் பிடித்துவைப்பதால். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்.

நேரம் காலை 5 முதல் 6. சித்திரை, வைகாசியில் 6-க்கே வியர்த்துக் கொட்டும், அப்போது ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், கணக்கில் ஒரு படி கீழே இறங்கினாலும் பரவாயில்லை. 40 நிமிடத்துக்குத் தண்ணீர் போதும். கிளம்பும் முன் ஒரு டம்ளர், வந்தபின் உப்புப் போட்ட மோர். பி.பி. இருப்பதால் மோரில் உப்பு ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும். கடையில் விற்கும் கலர் பானங்கள் உங்கள் சர்க்கரைக்கு ஆகாது.

சோல்மேஸ்திரி

ஷூ பத்தி நான் சொல்றேன். ஜிம்முக்கு வாங்கின ஷூ அடி தட்டையா, கெட்டியா இருக்கும், அதுல ஓடாதீங்க. ரன்னிங் ஷூன்னு பேர் போட்டதெல்லாம் ரன்னிங் ஷூவும் இல்ல. கடையிலேயே மூணு சோதனை பண்ணுங்க. ஷூவோட பின்கழுத்தை ரெண்டு விரலால அமுக்குங்க, பொசுக்குன்னு அமுங்கினா வெச்சுடுங்க. முன்னும் பின்னும் பிடிச்சு மடக்குங்க, விரல் மடங்குற இடத்துல மடங்கணும், நடுவுல மடங்கினா வேண்டாம். துணி பிழியுற மாதிரி முறுக்குங்க, கொஞ்சம் எதிர்ப்பு இருக்கணும்.

எடை நூறு தாண்டினவங்க கடையில நின்னு "மேகம் மாதிரி இருக்கு"ன்னு ஏமாறக் கூடாது. ரொம்ப மெத்து மெத்துன்னு இருக்குற ஃபோம் உங்க எடைக்கு முழுசா அமுங்கி, கால் உள்பக்கம் சாஞ்சுடும். அமுக்கினா கொஞ்சம் நின்னு கொடுக்குற ஃபோம், அகலமான அடி, குதிகால் பக்கம் முன்பக்கத்தை விட 8 முதல் 12 மி.மீ. உசரம், இது உங்க ஆடுசதைக்கும் குதிநாணுக்கும் சுமையைக் குறைக்கும். நம்ம ஊர்ல செருப்புலயே வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிஞ்சிருக்கும். அதனால 2இ, 4இ (2E, 4E)ன்னு போட்ட கூடுதல் அகலம் இருக்கான்னு கேளுங்க.

சாயங்காலம் போங்க, பாதம் வீங்கியிருக்குற நேரம் அதுதான். ஓடும்போது போடுற சாக்ஸோட போங்க. நீளமான விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் விடணும். வழக்கமான செருப்பு சைஸை விட அரையோ ஒண்ணோ கூட வரும், கூச்சப்படாம வாங்குங்க. விரல் முட்டினா நகம் கறுத்துப்போகும், சர்க்கரைக்காரருக்கு அது வம்பு. பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக் கொப்புளம் போடும்.

சாதாரண எடைக்கு 500 முதல் 800 கி.மீ. ஓடுற ஷூ உங்களுக்கு 400, 500-லயே செத்துடும். மேலே பளபளன்னு இருக்கும், ஃபோம் போயிருக்கும். மேசை மேல வெச்சுப் பின்னாலிருந்து பாருங்க, ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அது முடிஞ்சுது. மழையில நனைஞ்சா வெயில்ல காயப் போடாதீங்க, பசை விட்டுடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்துங்க. அந்த ஷூவை ஆபீசுக்கும் கடைக்கும் போட்டுக்கிட்டுத் திரியாதீங்க.

இடம்: மாநகராட்சி மைதானத்து மண் தரை இருந்தா முதல் தேர்வு. தார் ரோடு ரெண்டாவது, ஆனா ரோடு ஓரம் சாய்வா இருக்கும், போகும்போதும் வரும்போதும் ஒரே விளிம்புல ஓடினா அந்தப் பக்கச் சாய்வை ரெண்டு காலும் மாத்தி மாத்தி வாங்கிக்கும். ஏரிக்கரைப் பூங்காவுல பதிச்ச பேவர் பிளாக் நடக்க நல்லது, ஓட வேண்டாம், ஒரு கல் தூக்கியிருந்தா கணுக்கால் திரும்பிடும், மழைக்கப்புறம் பாசி வேற. கடற்கரை மணல் "மெத்துன்னு இருக்கும், முட்டிக்கு நல்லது"ன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. குதிகால் புதைஞ்சு ஆடுசதை இழுபடும், தண்ணி ஓரம் ஒரு பக்கமாச் சரிஞ்சிருக்கும். நாய் துரத்தினா ஓட்டத்தை நிறுத்தி முகத்தை அது பக்கம் திருப்பி நடங்க, ஓடினாத்தான் துரத்தும்.

மாலைநடை

இதே கட்டத்தில் நிற்கும் பெண் நான், 92 கிலோ. இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதம். தொடை உரசிப் புண்ணாகிறது. ஓடும்போது லேசாகச் சிறுநீர் கசிகிறது. கேட்கவும் கூச்சம். இந்த அட்டவணை எனக்கும் பொருந்துமா?

ஆடுசதை

கூச்சத்துக்கு ஒன்றுமில்லை சகோ, பிரசவத்துக்குப் பிறகு மிகச் சாதாரணம். ஆனால் 'போகப் போகச் சரியாகும்' என்று அதன் மேல் ஓடக் கூடாது. கசிவு இருக்கும் வரை ஓட்டம் வேண்டாம், நடைக் கட்டத்தில் நில்லுங்கள். சிறுநீரை அடக்குவது போல் அடித்தசையை உள்ளிழுத்து 5 நொடி பிடித்து 5 நொடி விடுங்கள், 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்காமல், வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்காமல் செய்ய வேண்டும். மூன்று மாதத்திலும் குறையாவிட்டால், அல்லது அடியில் ஏதோ இறங்குவது போல் கனம் இருந்தால் மகளிர் டாக்டரையோ இதற்கென்றே உள்ள பிசியோவையோ பாருங்கள். கசிவு நின்ற பிறகு மேலே உள்ள அட்டவணை அப்படியே பொருந்தும்.

ஸ்போர்ட்ஸ் பிரா 'ஹை இம்பாக்ட்' வகை, இரண்டு பக்கமும் தனித்தனிக் கப் உள்ளது. கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இழுபட்டால் தளர்வு. தாங்குவது பட்டைதான், தோள் நாடா அல்ல. பால் கொடுத்துவிட்டுக் கிளம்புவது வசதி.

உரசலுக்கு: லெக்கிங்ஸோ முழங்கால் வரை வரும் இறுக்கமான ஷார்ட்ஸோ, உள்தொடையில் தையல் இல்லாதது. போடும் முன் வாசலின் தடவுங்கள். ஆண்களுக்கும் இதுவே, அவர்களுக்கு மார்புக் காம்பிலும் தேவைப்படும். டால்கம் பவுடர் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து பசையாகி இன்னும் உரசும். வந்தவுடன் ஈர உடையோடு காபி குடிக்க உட்காராதீர்கள், குளித்து, மடிப்புகளைத் துடைத்து, உலர்ந்த துணி. வட்டமாக அரிக்கும் படை வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவாதீர்கள். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து பிறகு இரண்டு மடங்காகப் பரவும். தோல் டாக்டரிடம் காட்டுவதுதான் செலவு குறைவு.

வேளச்சேரிவாசி

நன்றி. ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்கு வீட்டில் டிரெட்மில் வாங்கலாமா? கடைக்காரர் மோட்டார் 4 எச்.பி. என்கிறார்.

சோல்மேஸ்திரி

அந்த 4 எச்.பி. பெரும்பாலும் பீக், அதாவது ஒரு நொடி தாங்குற உச்சம். தொடர்ந்து ஓடுற எச்.பி. எவ்வளவுன்னு கேளுங்க, அதுல 2.5-க்குக் கீழே உங்க எடைக்கு மோட்டார் சூடாகும். பக்கவாட்டுல ஒட்டியிருக்குற தகட்டுல அதிகபட்ச எடை பாருங்க. 110 கிலோன்னு போட்ட மிஷின் உங்களுக்கு விளிம்புல நிக்குது, 130, 140 போட்டதா எடுங்க. பெல்ட் அகலம் 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வாங்குறதுக்கு முன்னாடி கடையிலேயே ஷூ போட்டு ஏறி 10 நிமிஷம் 6-ல ஓட்டிப் பாருங்க, கால் விழும்போது பெல்ட் ஒரு கணம் நின்னு நின்னு போனா அந்த மோட்டார் உங்களுக்குப் பத்தாது.

மழை நாலு நாள்தான்னா எதுக்கு இவ்வளவு செலவு? படி ஏறுங்க. ஏறுறது காலால, இறங்குறது லிஃப்டுல.